கிணற்றில் போட்ட கல்: முதலீட்டாளர் விசாவும் தாமத வழக்குகளும்

கிணத்துக்கடவு பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்பனைக் குடும்பம்தான். ஆனால் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு வீட்டையாவது தெரிந்திருக்கும். தென்னந்தோப்பு, நகரத்தை ஒட்டிக் கொஞ்சம் பூமி, சின்னதாக ஒரு பவுண்டரி. ஒரே பையன். இன்ஜினியரிங் முடித்து அமெரிக்கா போனான், எச்-1பி விசாவில் வேலை. போய்ப் பதினைந்து வருடம் ஆகிவிட்டது. கைக்குழந்தையாகக் கூட்டிப்போன பெண்ணுக்கு இப்போது பதினேழு வயது. கிரீன் கார்டு மட்டும் இன்னும் வரவில்லை!

வேலை வழியாக கிரீன் கார்டுக்கு நிற்கும் இந்தியர்களின் வரிசை பல பத்தாண்டு நீளம். பெண்ணுக்கு 21 வயது முடிந்தால் அப்பாவின் விசாவில் அவள் தொடர முடியாது. தனக்கென்று வேறு விசா தேட வேண்டும், இல்லையென்றால் நினைவே இல்லாத ஊருக்குத் திரும்ப வேண்டும். அதனால் தாத்தா ஒரு முடிவு எடுக்கிறார். நகரத்துப் பக்கம் இருந்த பூமியை விற்று, பணத்தைப் பையனுக்கு அனுப்புகிறார். பையன் இ.பி-5 என்னும் முதலீட்டாளர் விசாவுக்கு மனு போடுகிறான். ரசீது வருகிறது. அப்புறம்? கிணற்றில் போட்ட கல்!

ஞாயிற்றுக்கிழமை போனில் இப்படித்தான் பேச்சு நடக்கும்.

"ஏன் கண்ணு, அந்தக் கார்டு விஷயம் என்னாச்சு?"

"இன்னும் பெண்டிங்தானுங்கப்பா."

"அப்ப ஒரு கேஸைப் போட்டுப்போடு கண்ணு!"

பெரியவர் சொல்வது சரியா? விசா தாமதமாகிறது என்று ஒரு அரசாங்கத்தின் மீது, அதுவும் இன்னொரு நாட்டு அரசாங்கத்தின் மீது, வழக்குப் போடலாமா? போட்டால் என்ன கிடைக்கும்? இதில் நியாயம் யார் பக்கம்?

இ.பி-5 என்றால் என்ன?

1990 இல் அமெரிக்கா கொண்டுவந்த திட்டம் இது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் குறிப்பிட்ட தொகையை அங்கே ஒரு தொழிலில் போட வேண்டும். அதனால் பத்துப் பேருக்காவது முழுநேர வேலை உருவாக வேண்டும். அப்படியானால் அவருக்கும், மனைவிக்கும், 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் நிரந்தரமாகத் தங்கும் உரிமை. முதல் இரண்டு ஆண்டுக்கு நிபந்தனையோடு கார்டு, அதன்பின் நிபந்தனையை நீக்க இன்னொரு மனு.

ஆரம்பத்தில் தொகை 10 லட்சம் டாலர், வேலையில்லாத் திண்டாட்டம் அதிகமுள்ள பகுதி அல்லது கிராமப்புறம் என்றால் 5 லட்சம். 2019 நவம்பரில் அதை 18 லட்சமாகவும் 9 லட்சமாகவும் உயர்த்தினார்கள். 2021 ஜூனில் ஒரு நீதிமன்றம் அந்த உயர்வை ரத்து செய்தது. அதே மாதக் கடைசியில், பலரும் பயன்படுத்தும் 'ரீஜனல் சென்டர்' பிரிவுக்கான சட்டமே காலாவதியானது. ஒன்பது மாதம் எதுவும் நகரவில்லை. 2022 மார்ச்சில் புதுச் சட்டம் வந்தது. தொகை 10 லட்சத்து 50 ஆயிரம், குறிப்பிட்ட பகுதிகளுக்கு 8 லட்சம் என்று ஆனது. 2025 செப்டம்பரில் 'கோல்டு கார்டு' என்று இன்னொன்றையும் அறிவித்தார்கள். அதில் 10 லட்சம் டாலரை முதலீடாகப் போடுவதில்லை, அரசாங்கத்துக்கு நன்கொடையாகவே கொடுத்துவிட வேண்டும்.

ஆக, விலையும் விதியும் ஆட்டத்தின் நடுவிலேயே மாறுகின்றன. மனு போட்டவர் பாடு?

ஏழு கோடியும் வில்லங்கச் சான்றும்

8 லட்சம் டாலர் என்பது சுமார் ஏழு கோடி ரூபாய். பணம் இருந்தால் மட்டும் போதாது. அது எப்படி வந்தது என்று ஒவ்வொரு ரூபாய்க்கும் தாள் காட்ட வேண்டும். கொங்கு நாட்டுக் குடும்பத்துக்கு உண்மையான சோதனை இங்கேதான்.

பூமி அப்பாருக்கு எப்படி வந்தது? பாகப்பிரிவினைப் பத்திரம் வேண்டும். யார் பெயரில் பட்டா? வில்லங்கச் சான்று எத்தனை வருடத்துக்கு? தென்னந்தோப்பு வருமானத்துக்கு வருமான வரி இல்லை, அதனால் ரிட்டர்னில் பெரிதாக எதுவும் இருக்காது. தேங்காய் விற்ற காசு என்பதை எதை வைத்து நிரூபிப்பது? எல்லாவற்றுக்கும் மேலாக, நிலம் விற்கும்போது பத்திரத்தில் எழுதும் விலை ஒன்று, கைமாறும் விலை இன்னொன்று என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம். பத்திரத்தில் எழுதாத பணத்துக்கு அமெரிக்க அதிகாரியிடம் மதிப்பே கிடையாது. இந்த விசாவுக்காக நிலத்தை விற்கும் குடும்பம் முழு விலைக்கும் பத்திரம் போட்டு முழு வரியும் கட்டியாக வேண்டும். ஒரு வகையில் நல்லதுதான்!

அடுத்தது பணத்தை அனுப்புவது. ரிசர்வ் வங்கி விதிப்படி இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரைதான் வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அப்பா ஒரு பங்கு, அம்மா ஒரு பங்கு என்று மார்ச் மாதத்தில் 5 லட்சம் டாலர். ஏப்ரல் பிறந்ததும் மீதி. பெரிய தொகை என்பதால் 2023 அக்டோபர் முதல் 20 சதவீதம் வரியாக வங்கி முன்கூட்டியே பிடிக்கிறது. அது பின்னால் கணக்கில் கழியும் என்றாலும், அதுவரை கோடிக்கு மேல் பணம் முடங்கிக் கிடக்கும்.

இத்தனையும் செய்து, நூற்றுக்கணக்கான பக்கங்களை மொழிபெயர்த்து, கட்டணம் கட்டி, ஐ-526ஈ என்ற மனுவை ஒரு குடும்பம் தாக்கல் செய்கிறது. அதன் பங்கு வேலை முடிந்தது. இனி அரசாங்கத்தின் பங்கு.

எத்தனை வரிசை?

தாமதம் என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் இங்கே இரண்டு வரிசைகள் இருக்கின்றன. இந்த வேறுபாடு தெரியாமல் வழக்குப் போட்டால் பணம் வீண்.

முதல் வரிசை சட்டமே போட்ட வரிசை. இ.பி-5 பிரிவில் ஆண்டுக்குச் சுமார் 9,940 விசாக்கள். ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்றால் இந்தியாவுக்குச் சுமார் 700. முதலீடு செய்தவர், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் இந்த 700 க்குள் அடக்கம். மற்ற நாடுகள் மிச்சம் வைத்தால்தான் கூடுதல் கிடைக்கும். 2019 ஜூலையில் இந்தியர்களுக்கும் இதில் முதன்முறையாக 'இந்தத் தேதிக்கு முன் மனு போட்டவர்களுக்கு மட்டும்' என்று கோடு போட வேண்டி வந்தது. 2022 சட்டம் கிராமப்புறத் திட்டங்களுக்கு 20 சதவீதம், வேலையின்மை அதிகமுள்ள பகுதிகளுக்கு 10 சதவீதம், உள்கட்டமைப்புக்கு 2 சதவீதம் என்று தனி ஒதுக்கீடு கொடுத்தது. இந்த எண்ணிக்கைகளை எந்த நீதிபதியும் கூட்ட முடியாது. அது நாடாளுமன்றத்தின் வேலை.

இரண்டாவது வரிசை மேஜை வரிசை. மனு அதிகாரியின் மேஜையில் கிடக்கிறது, யாரும் பிரிக்கவில்லை. இதற்குத்தான் நீதிமன்றம் போக முடியும். இந்த வரிசையும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 2020 மார்ச் 31 வரை முதலில் வந்த மனுவை முதலில் பார்த்தார்கள். அன்று முதல், எந்த நாட்டுக்கு விசா எண் கையில் இருக்கிறதோ அந்த நாட்டு மனுவுக்கு முன்னுரிமை என்று மாற்றினார்கள். சீனர்கள் பின்னால் போனார்கள், இந்தியர்கள் முன்னால் வந்தார்கள். நாடாளுமன்றம் சட்டம் எதுவும் போடவில்லை. துறையே எடுத்த ஒரு முடிவு, அவ்வளவுதான்.

ரிட் என்னும் ஆயுதம்

நம் ஊரில் பட்டா மாறுதல் மனு தாலுகா ஆபீஸில் தூங்கினால் வக்கீல் என்ன சொல்வார்? "ஐகோர்ட்டில் ஒரு ரிட் போடலாமுங்க." அரசியல் சட்டத்தின் 226 ஆவது பிரிவின் கீழ் போடும் மேண்டமஸ் ரிட் அது. தமிழில் செயலுறுத்தும் நீதிப்பேராணை. கடமையைச் செய் என்று அதிகாரிக்குச் சொல்வது. 'மனுவைப் பரிசீலித்து 12 வாரத்துக்குள் உத்தரவு பிறப்பிக்க வேண்டும்' என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்லும். பட்டா கொடு என்று சொல்லாது. முடிவு எடு என்று மட்டும் சொல்லும்.

அமெரிக்காவிலும் இதே மேண்டமஸ்தான். இரண்டு நாட்டுக்கும் இங்கிலாந்திலிருந்து வந்த சொத்து! அங்கே 1946 ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டம், அரசுத் துறைகள் நியாயமான காலத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்கிறது. நியாயமான காலம் என்றால் எவ்வளவு? சட்டத்தில் எண் இல்லை. குடியேற்ற மனுக்களை 180 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது நாடாளுமன்றத்தின் எண்ணம் என்று வேறொரு சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது வெறும் எண்ணம்தான், கட்டளை இல்லை என்று நீதிமன்றங்கள் ஒதுக்கிவிட்டன.

எண் இல்லாத இடத்தில் நீதிபதிகள் 1984 இல் வந்த ஒரு தீர்ப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள். தொலைத்தொடர்புத் துறை சம்பந்தப்பட்ட வழக்கு அது. அதில் ஆறு அளவுகோல்கள். மனுக்களை எடுப்பதில் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா? சட்டம் காலக்கெடு சொல்கிறதா? பாதிக்கப்படுவது மனித உயிரும் நலமுமா, வெறும் பணமா? இதைச் சீக்கிரம் முடி என்றால் மற்ற வேலை கெடுமா? தாமதத்தால் யாருக்கு என்ன நட்டம்? கடைசியாக, தாமதம் அநியாயம் என்று சொல்வதற்குத் துறையின் கெட்ட எண்ணத்தை நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை.

மூன்றாவது கேள்வியைக் கவனியுங்கள். முதலீட்டாளர் அங்கேதான் வழுக்குகிறார். "ஐயா, உங்களுக்குப் பணம்தானே முடங்கியிருக்கிறது? உயிர் போகவில்லையே" என்று அரசு வக்கீல் கேட்பார். நான்காவது கேள்வி அதைவிடக் கடினம். 1991 இல் ஒரு மருந்துக் கம்பெனியின் வழக்கில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டது. தாமதம் உண்மைதான், ஆனால் இவரை வரிசையின் முன்னால் கொண்டுவந்தால் மற்றவர்கள் ஒரு படி பின்னால் போவார்கள், மொத்தத்தில் லாபம் பூஜ்யம் என்றது. அதே நீதிமன்றம் 2023 ஆகஸ்டில், ஆண்டுக்கணக்கில் காத்திருந்த இ.பி-5 முதலீட்டாளர்கள் சிலரின் வழக்கையும் ஏறக்குறைய இதே காரணத்தோடு தள்ளுபடி செய்தது.

அப்படியானால் ஏன் இன்னும் வழக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்? காரணம் எளிது. வழக்குப் போட்டால் அரசு 60 நாளுக்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டும். அந்தப் பதிலை எழுதுவதைவிட மனுவைப் பிரித்துப் பார்த்து முடித்துவிடுவது பல நேரம் சுலபம்! முடிவு வந்துவிட்டால் வழக்குக்கு வேலை இல்லை. தீர்ப்பே இல்லாமல் வழக்கு ஜெயித்துவிடுகிறது.

ஜெயித்தாலும் தோற்கலாம்

ஆனால் வரும் முடிவு நல்ல முடிவாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. காகிதத்தில் ஓட்டை இருந்தால் சீக்கிரமே நிராகரிப்பு வரும். பத்திரத்தில் எழுதாத விலை, விளக்கம் இல்லாத ரொக்கம், பேர் மாறாத பட்டா... இவை உள்ள மனுவுக்கு அவசரம் ஆபத்து.

இன்னொரு விசித்திரமும் உண்டு. பிள்ளைகளின் வயதைக் கணக்கிட 2002 இல் வந்த சட்டம் ஒன்று, மனு மேஜையில் கிடந்த காலத்தை வயதிலிருந்து கழித்துவிடுகிறது. ஆனால் மனு அனுமதியான பிறகு விசா எண்ணுக்காகக் காத்திருக்கும் காலத்தைக் கழிப்பதில்லை. கிணத்துக்கடவுத் தாத்தாவின் பேத்திக்கு வருவோம். மனு போடும்போது அவளுக்கு 17. விசா எண் உடனே இல்லாத பொது வரிசையில் மனு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மனு நான்கு வருடம் மேஜையில் கிடந்து, அவளுக்கு 21 ஆகும்போது அனுமதி வந்து, விசா எண்ணும் அப்போதே வந்தால், 21 இல் 4 போக, சட்டத்தின் கண்ணில் அவளுக்கு 17 தான். தப்பித்தாள். வழக்குப் போட்டு ஒரே வருடத்தில் அனுமதி வாங்கி, விசா எண் அவளுடைய 22 ஆவது வயதில் வந்தால்? 22 இல் 1 போக 21. அவள் வெளியே!

பேத்திக்காகப் பூமியை விற்ற குடும்பம், வழக்கில் ஜெயித்ததால் பேத்தியை இழக்கிறது. இந்தக் கணக்கைப் போடாமல் 'ஒரு கேஸைப் போட்டுப்போடு' என்று சொல்லக்கூடாது.

காத்திருந்தால் மட்டும் நல்லதா?

சரி, வழக்கே வேண்டாம், பொறுத்தார் பூமி ஆள்வார் என்று இருந்துவிடலாமா? கனடாவின் கதை அதற்குப் பதில் சொல்லும்.

கனடாவிலும் முதலீட்டாளர் திட்டம் ஒன்று இருந்தது. 8 லட்சம் கனடா டாலரை அரசாங்கத்துக்கு ஐந்து ஆண்டு வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தால் நிரந்தர வசிப்புரிமை. மனுக்கள் குவிந்து ஆண்டுக்கணக்கில் தேங்கின. 2014 பிப்ரவரி பட்ஜெட்டில், திட்டத்தையே மூடுகிறோம், தேங்கிய மனுக்களையும் ரத்து செய்கிறோம் என்றார்கள். ஜூனில் சட்டமாகவே ஆனது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் சீனர்கள், மேண்டமஸ் கேட்டுக் கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போனார்கள். தோற்றார்கள். கட்டணம் திரும்பியது. போன வருடங்கள் திரும்பவில்லை.

போர்ச்சுகலில் வேறு மாதிரி. 2012 இல் தொடங்கிய 'கோல்டன் விசா' மனுவுக்கு 90 நாளில் முடிவு என்று சட்டம் இருக்கிறது. கைரேகை கொடுக்கத் தேதி கிடைக்கவே ஆண்டுக்கணக்கில் ஆனது. 2023 அக்டோபரில் வீடு வாங்கி விசா பெறும் வழியை மூடினார்கள். அதே மாதக் கடைசியில் குடியேற்றத் துறையைக் கலைத்து, ஆய்மா என்று புதுத் துறை தொடங்கினார்கள். லிஸ்பன் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குகள் குவிந்தன. மனு தேங்கிய இடத்திலிருந்து வழக்கு தேங்கும் இடத்துக்குக் கூட்டம் நகர்ந்தது, அவ்வளவுதான்.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். தாமதம் என்பது நடுநிலையான விஷயம் இல்லை. கையெழுத்துப் போடாமலே மறுப்பது அது. கனடாவில் நடந்தது அதுதான். அதனால் தாமதத்துக்கு எதிராக நீதிமன்றம் போகும் உரிமை நியாயமானதே.

பணக்காரர் அழுகையா?

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும். ஏழு கோடி போடக்கூடியவர்களுக்கு எதற்கு இத்தனை அனுதாபம்?

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேட அமெரிக்கா போக வேண்டியதில்லை. பவானிசாகருக்குப் போனால் போதும். அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021 முதல் அதன் பெயர் மறுவாழ்வு முகாம். 1983 க்குப் பிறகு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வரை முகாம்களில் வளர்ந்துவிட்டார்கள். கோவைக்குப் பக்கத்தில் பூலுவபட்டியிலும் ஒரு முகாம். இவர்களும் காத்திருப்பவர்கள்தான். முதலீடு இல்லை, ரசீது இல்லை, வாஷிங்டன் வக்கீல் இல்லை.

தமிழக முகாம்களில் இருந்த மலையகத் தமிழர்கள் 65 பேர், தங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர்கள், தங்களுக்குக் குடியுரிமை வேண்டும் என்று மதுரைக் கிளையில் ரிட் போட்டார்கள். 2019 ஜூன் 17 அன்று நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கட்டும், மாவட்ட ஆட்சியர் தாமதமில்லாமல் அனுப்பட்டும், மத்திய அரசு 16 வாரத்துக்குள் முடிவெடுக்கட்டும் என்றார். குடியுரிமையை நீதிமன்றம் நேரடியாகக் கொடுக்கவில்லை. முடிவெடு என்றுதான் சொன்னது.

கவனித்தீர்களா? கோடீஸ்வரர் வாஷிங்டனில் கேட்பதும், முகாம்வாசி மதுரையில் கேட்பதும் ஒரே வாக்கியம்: 'என் மனுவுக்கு ஒரு பதில் சொல்லுங்கள்.' வேறுபாடு கேட்கும் வசதியில் இருக்கிறது. ஒருவர் மனு போட்ட இரண்டாம் ஆண்டிலேயே கேட்கிறார். இன்னொருவர் அதைக் கேட்க ஒரு தலைமுறை ஆகிறது.

தனித்தனி வழக்குகளின் குறை இங்கேதான் இருக்கிறது. ஒருவர் வக்கீலுக்குப் பணம் கட்டி மேஜை வரிசையில் முன்னால் போகும்போது, அதே நாளில் மனு போட்டு, நிலம் விற்ற பணம் முழுவதையும் திட்டத்தில் போட்டுவிட்டு வக்கீலுக்குக் காசில்லாமல் இருப்பவர் பின்னால் போகிறார். வழக்கு ஒரு 'தட்கல்' டிக்கெட் மாதிரி ஆகிவிடுகிறது. அந்த 1991 தீர்ப்பு கசப்பாக இருந்தாலும், அதில் உண்மை இல்லாமல் இல்லை.

எதைக் கேட்க வேண்டும்?

ஆகவே கேட்க வேண்டியது எல்லாருக்கும் பொதுவான காலக்கெடு. மீறினால் விளைவு உள்ள காலக்கெடு.

அரசாங்கம் சொல்லும் நியாயத்தையும் ஒதுக்க முடியாது. பணத்தின் மூலத்தைச் சோதிக்க நேரம் வேண்டும். முதலீட்டாளரை ஏமாற்றும் திட்டங்களும் உண்டு. வெர்மான்ட் மாநிலத்தின் ஜே பீக் பனிச்சறுக்கு விடுதித் திட்டத்தில் 20 கோடி டாலருக்கு மேல் முறைகேடாகப் பயன்படுத்தப்பட்டது என்று 2016 இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமே வழக்குப் போட்டது. இ.பி-5 இல் பணம் போட்ட வெளிநாட்டுக்காரர்கள் அதில் மாட்டிக்கொண்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்வது முதலீட்டாளருக்கே கேடு.

ஆனால் சோதனைக்கு நேரம் வேண்டும் என்பது வேறு, எப்போது முடியும் என்று சொல்லாமல் இருப்பது வேறு. 2022 சட்டமே இதை ஒருவாறு ஒப்புக்கொள்கிறது. முதலீட்டாளர் மனுவை 240 நாளுக்குள்ளும், குறிப்பிட்ட பகுதித் திட்டம் என்றால் 120 நாளுக்குள்ளும் முடிக்கத் தேவையான அளவுக்குக் கட்டணத்தை நிர்ணயிக்கச் சொல்கிறது. கட்டணத்தைக் கணக்கிட நாள் எண்ணத் தெரிகிறது. அதே நாளைத் துறையைக் கட்டுப்படுத்தும் கெடுவாக எழுதுவதில் என்ன கஷ்டம்?

இந்தியாவில் இதற்கு முன்மாதிரி உண்டு. மத்தியப் பிரதேசம் 2010 இல் பொதுச்சேவை உத்தரவாதச் சட்டம் கொண்டுவந்தது. குறித்த நாளுக்குள் சேவை தராத அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5,000 ரூபாய் அபராதம். தொகை சின்னதுதான். ஆனால் தாமதத்துக்கு ஒரு விலை, அதைக் கட்ட ஒரு ஆள் என்று ஆனது. நீதிமன்ற வாசலை மிதிக்காத விவசாயிக்கும் அது பொருந்தும்.

இதில் இந்தியா வெளியே பார்த்துக் குறை சொல்வதோடு நிற்கவும் முடியாது. 2016 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை, 18 மாதத்தில் 10 கோடி அல்லது 36 மாதத்தில் 25 கோடி ரூபாய் முதலீடு செய்து, ஆண்டுதோறும் 20 இந்தியர்களுக்காவது வேலை கொடுக்கும் வெளிநாட்டு முதலீட்டாளருக்குப் பத்தாண்டு வசிப்புரிமை தரும் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. கோவைப் பவுண்டரியில் பங்கு போட வரும் ஒரு ஜெர்மனிக்காரரோ தைவான்காரரோ நாளை இதே கேள்வியை நம்மிடம் கேட்பார். அவருக்குப் பதில் சொல்லும் யோக்கியதை வேண்டாமா?

காலக்கெடுவோடு இன்னொன்றும் வேண்டும். முடிவு வரும்வரை பணம் திட்டக்காரர் கைக்குப் போகாமல் மூன்றாவது ஆள் பொறுப்பில் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். கெடு தாண்டினால், விருப்பப்பட்டவர் வட்டியோடு திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அதேபோல், பிள்ளையின் வயது மனு போட்ட நாளோடு நின்றுவிட வேண்டும். மேஜை வரிசை, விசா வரிசை இரண்டுமே அரசாங்கம் போட்டவை. அவற்றின் நீளத்தை ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் கணக்கில் எழுதுவது எந்த ஊர் நியாயம்?

அதுவரை, கிணத்துக்கடவுப் பெரியவர் பையனிடம் 'கேஸைப் போட்டுப்போடு' என்று சொல்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்கலாம். மனு எந்த வரிசையில் நிற்கிறது? பத்திரமும் பட்டாவும் வங்கிக் கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா? பேத்தியின் வயதுக் கணக்கு வழக்கால் கூடுமா, குறையுமா? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் தாராளமாக வழக்குப் போடலாம். பதில் கேட்பது பிச்சை இல்லை.

அடுத்த முறை சத்தியமங்கலம் போகும் வழியில் பவானிசாகர் முகாமைத் தாண்டும்போது அதே பெரியவர் ஒரு நிமிடம் காரை நிறுத்திப் பார்க்கட்டும். தன் வீட்டுக்கு மூன்று வருடமாகப் பதில் வரவில்லை என்று கோபப்படுகிறவருக்கு, முப்பது வருடமாகப் பதில் வராதவர்களின் கோபம் புரியாமலா போகும்?